ராஜா படம் போட்ட ஆறாவது கோப்பை

நான் வேலை பார்த்த கடையில் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பழைய சாமானுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டையை வைத்து, அதில் அந்தச் சாமானின் கதையை எழுதுகிறார்கள். கதை இருந்தால்தான் வெளியூர்க்காரர்கள் வாங்குகிறார்களாம். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன வாரம் போன் செய்து, ராஜா ராணி படம் போட்ட கோப்பைகளுக்கு ஏதாவது கதை தெரியுமா, நாலு வரி போதும் என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நாலு வரியில் முடிகிற கதையை நான் நம்பியதே இல்லை. அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இதை வெட்டி அட்டையில் ஒட்ட முடியாது என்ற தைரியம்தான்.

காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகள் இருக்கிற தெரு எல்லோருக்கும் தெரியும். தூண், கதவு, பெல்ஜியம் கண்ணாடி, மரப்பெட்டி என்று ஒவ்வொரு கடைக்கும் ஒரு பேர் உண்டு. எங்கள் கடைக்குப் பீங்கான். அதிலும் இங்கிலாந்து ராஜாக்கள் முடிசூட்டிக்கொண்டதற்கும், பட்டத்துக்கு வந்து இத்தனை வருஷம் ஆனது என்று கொண்டாடியதற்கும் போட்ட கோப்பை, தட்டு, சாடிகள். ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் செய்த இந்த ஊர்க்காரர்கள் கப்பலில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கியவை. ராஜா மேல் இவர்களுக்கு அப்படி என்ன பாசம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றை மட்டுமே தேடித் தேடிச் சேர்க்கிற ஆட்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஒரு ராஜாவுக்கு ஒரு அலமாரி என்று வீட்டில் வைத்திருக்கிறவரை நான் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மலேசியாவில் ஹோட்டல் வேலையில் இருந்த காலத்தில், சாமான் கழுவுகிற ஆளாகத்தான் நான் கடையில் சேர்ந்தேன். கழுவுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. சாமானின் அடியை முதலில் பார்ப்பது அவள்தான். அப்படியே இரண்டு மூன்று வருஷத்தில் எது நிஜம், எது டூப்பு என்று கைக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி மாணிக்கம் என்னை வீடுகளுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்ததற்குக் காரணம் என் அறிவு இல்லை. ஆண் வியாபாரிகளைப் பெரிய வீடுகளில் முகப்போடு உட்கார வைத்துவிடுவார்கள். நல்ல சாமான் எல்லாம் உள்கட்டு அறைகளில், ஆச்சிமார் இடுப்புச் சாவியில் இருக்கும். பொம்பளை ஆள் என்றால் உள்ளே விடுவார்கள். முஸ்லிம் பொம்பளை என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு விடுவார்கள்.

முதலாளியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மெலிந்த ஆள், எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. விற்கிறவர் முன்னால் ஒரு சாமானைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். பிடித்துப்போனால் அதைக் கீழே வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீர் கேட்டுவிட்டால் அந்தச் சாமானை எப்படியும் வாங்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். பிடிக்காத சாமானை ஆகா ஓகோ என்று புகழ்ந்து, திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். யாராவது ஒரு கோப்பையைக் கொண்டுவந்து எங்கள் பாட்டனார் கவர்னர் கையால் வாங்கினது என்று ஆரம்பித்தால், கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்பார். அந்த ஆள் போன பிறகு என்னிடம் ஒன்றைத்தான் சொல்வார்.

"கதையக் கேக்காத ஆயிசா. அடியப் பாரு."

அடியைப் பார்ப்பது என்றால் இப்படி. கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கம் ஏறாத ஒரு வளையம் இருக்கும். எத்தனையோ வருஷம் அலமாரியில் இழுபட்ட சாமானுக்கு அதில் மெல்லிய கீறல்கள் எல்லாப் பக்கமும் தாறுமாறாக ஓடும். டூப்புக்கு உப்புத்தாளில் வைத்துத் தேய்த்திருப்பார்கள், கீறல் ஒரே பக்கமாகப் போகும். அடுத்தது படம். லென்ஸை வைத்துப் பார்த்தால், பழைய அச்சில் ராஜாவின் கன்னத்துப் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாகக் கலைந்து கிடக்கும். புது அச்சில் வரிசை கட்டி நிற்கும். பழுப்பு ஏறியிருக்கிறதே என்று மயங்கக் கூடாது, தேயிலைத் தண்ணீரில் வேகவைத்தால் எதுவும் பழுப்பாகிவிடும். கடைசியாக விளிம்பில் இருக்கிற தங்கக் கோடு. கையும் வாயும் படுகிற இடத்தில் அது தேய்ந்திருக்க வேண்டும். படாத இடத்தில் தேய்ந்திருந்தால் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். தேய வேண்டிய இடத்தில் தேயவில்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

ஒரு முறை மதுரைப் பக்கமிருந்து ஒருவர், முடிசூட்டுவதற்கு முன்பே பட்டத்தை விட்டுப்போன எட்டாம் எட்வர்டு படம் போட்ட கோப்பை ஒன்றைக் கொண்டுவந்தார். முடிசூட்டு விழாவே நடக்காத ராஜா, அதனால் உலகத்திலேயே நாலோ ஐந்தோதான் இருக்கிறது என்று சத்தியம் செய்தார். விழா வரப்போகிறது என்று கம்பெனிகள் முன்கூட்டியே மலைமலையாகச் செய்து குவித்துவிட்டன, அதனால் அந்தக் கோப்பை ஒன்றும் அப்படி அபூர்வமில்லை என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி அந்தக் கோப்பையை வாய் நிறையப் புகழ்ந்தார். நான் கவிழ்த்துப் பார்த்தேன். கீறல் எல்லாம் ஒரே திசை. கதையும் டூப்பு, கோப்பையும் டூப்பு. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் பஸ் ஏறினார்.

இப்படியே காலம் போனதில் எனக்குச் சந்தேகம் கைப்பழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டைக் கவிழ்த்துப் பார்க்கக் கை பரபரக்கும். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தேன், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்குள் போனால் எனக்குக் காப்பி எதில் வருகிறது என்று முதலில் பார்ப்பேன். வீட்டுக்காரர்கள் குடிக்கிற அதே எவர்சில்வர் தம்ளரில் வந்தால் ஒன்று. அவர்களுக்கு எவர்சில்வரும் எனக்கு மட்டும் கண்ணாடி கிளாசும் வந்தால் வேறொன்று. இப்போதெல்லாம் காகிதக் கப்பில் கொடுத்துவிடுகிறார்கள், கழுவ ஆள் இல்லை என்று காரணமும் சொல்கிறார்கள். உண்மையாகவும் இருக்கலாம். நான் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு மனசுக்குள் குறித்துக்கொள்வேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது இனிமேல் சொல்லப்போவது. அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு ஊர், பேர் வேண்டாம். பெரிய வீடு. அதில் மீனாட்சி ஆச்சி மட்டும் இருந்தார், எண்பதைத் தாண்டியவர். மகன் முத்துக்குமார் சென்னையில். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போவதாகவும், சாமான்களைப் பார்த்து விலை சொல்ல வேண்டும் என்றும் கடைக்குப் போன் செய்தார். முதலாளியும் நானும் போனோம்.

உள்கட்டு அறை அலமாரியில் ஆறாம் ஜார்ஜும் ராணியும் படம் போட்ட கோப்பைகள் ஐந்து இருந்தன. சுத்தமான பழைய சாமான். தங்கக் கோடு நேற்றுப் போட்டதுபோல் இருந்தது. அதில் ஒரு வாய்கூடப் பட்டதில்லை. முதலாளி தண்ணீர் கேட்டார். அலமாரித் தட்டில் தூசி படிந்ததற்கு நடுவே ஐந்து வட்டங்கள் கோப்பை இருந்த இடத்தைக் காட்டின. அந்தச் செட்டுக்குக் கோப்பை ஆறு; ஆறாவது இடத்தில் வட்டமே இல்லை, தூசி சமமாகப் படிந்திருந்தது. அப்படியானால் ஆறாவது இப்போது போனதில்லை, எப்போதோ போனது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்வது எங்கள் தொழிலில் கிடையாது.

முத்துக்குமார் ஆறும் இருந்தால் எப்படி என்று கேட்டார். செட் முழுசாக இருந்தால் மதிப்பே வேறு என்றேன். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன் வந்தது. ஆறாவது கோப்பை கிடைத்துவிட்டது, திருட்டுப்போயிருந்தது என்றார். அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிற பஞ்சவர்ணத்தின் வீட்டில் இருந்ததாம். எதற்கோ அவளைக் கூப்பிடக் காலனிக்குப் போனவர், வாசலில் நின்றே பார்த்திருக்கிறார். சாமி படங்களுக்குப் பக்கத்தில் பஞ்சவர்ணத்தின் அப்பா கருப்பனின் போட்டோ மாட்டியிருக்கிறது. அதன் கீழே பலகையில் ராஜாவும் ராணியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காரைக்குடி ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப்போவதாகவும், அதற்கு முன்னால் அந்தக் கோப்பை தங்கள் செட்தான் என்று நான் வந்து பார்த்து உறுதி சொல்ல வேண்டும் என்றும் கேட்டார்.

போகிற வழியில் முதலாளி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நமக்குச் செட் வேண்டும். கோப்பையைப் பார், சனங்களைப் பார்க்காதே. நான் சரி என்றேன். சரி என்றுதான் நினைத்தேன்.

முகப்பில் முத்துக்குமாரும் ஆச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணம் தூண் ஓரமாக நின்றாள், ஐம்பதுக்கு மேல் வயது. பக்கத்தில் அவள் மகள் செல்வி. காரைக்குடியில் ஒரு நகைக்கடையில் செல்வி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நகைக்கடையில் ஆள் எடுக்கும்போது குடும்பத்தில் யார் மேலாவது போலீசில் புகார் உண்டா என்று விசாரிப்பார்கள். அம்மா மேல் திருட்டுப் புகார் என்று தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அது செல்வி முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வேலைக்குப் போகிற உடுப்போடு, கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்து நின்றாள்.

பஞ்சவர்ணம் சொன்னது ஒன்றுதான். இந்த வீட்டில் தன் அப்பாவுக்குக் கொடுத்தது. அவர் இங்கே மாடு கன்று பார்த்து, வண்டி ஓட்டி, அவ்வளவு உழைத்தார் என்று கொடுத்தார்கள். வருஷா வருஷம் அவர் செத்த நாளில் செல்வி கையால் அந்தக் கோப்பையில் காப்பி ஊற்றிப் போட்டோ முன்னால் வைத்துக் கும்பிடுகிறோம். ஊரில் கேட்டுப் பாருங்கள்.

முத்துக்குமார் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஆச்சி சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கலை."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க" என்றார் முத்துக்குமார். "எங்கம்மா இந்த வயசுல பொய் சொல்ல மாட்டாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது எங்க செட்தானே?"

செட்தான். கையில் வாங்கின உடனே தெரிந்துவிட்டது. அதே கம்பெனி முத்திரை, அதே அச்சு, ராணியின் கழுத்து மாலையில் அதே இடத்தில் நீலம் கொஞ்சம் வழிந்திருந்தது. நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார். பொய் சொல்லவும் முடியாது. பார்க்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று சொல்லிக் கோப்பையை வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த நேரத்தில் நான் எல்லோரையும்தான் சந்தேகப்பட்டேன். சாவி ஆச்சி இடுப்பில்தான் என்றாலும், அந்த வீட்டில் தினமும் தனியாகப் பெருக்குகிறவள் பஞ்சவர்ணம். எடுக்க நினைத்தால் எவ்வளவு நேரம் ஆகும். மகள் எதிரில் சொல்கிற கதையும் கொஞ்சம் அழகாகவே இருந்தது. முத்துக்குமாரையும் விடவில்லை. செட் விலை காதில் விழுந்த இரண்டாம் நாளே கோப்பை கண்ணில் படுகிறது. ஆச்சியையும் விடவில்லை. தொலைந்த சாமான் திரும்பி வந்தால் யாராக இருந்தாலும் ஒரு முறை கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆச்சி அந்தக் கோப்பை இருக்கிற பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

கோப்பையைக் கவிழ்த்தேன். மற்ற ஐந்துக்கும் அடியில் கீறல் மெல்லியது. இதற்கு அடி வளையம் சொரசொரவென்று தேய்ந்து பழுப்பேறியிருந்தது. மணலும் சாம்பலும் போட்டுக் கல்லில் வைத்துத் தேய்த்துக் கழுவிய சாமான். வீட்டுச் சமையலறையில் பீங்கானை யாரும் அப்படிக் கழுவ மாட்டார்கள். விளிம்பைப் பார்த்தேன். வலது கையால் பிடித்தால் வாய் எங்கே படுமோ அந்த இடத்தில் மட்டும் தங்கக் கோடு முழுக்கத் தேய்ந்து வெள்ளை தெரிந்தது. ஒரே ஆள், ஒரே பக்கமாக, வருஷக்கணக்கில் வாய் வைத்துக் குடித்திருக்கிறார். இந்த வீடுகளில் யாரும் வாய் வைத்துக் குடிக்க மாட்டார்கள். அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். வாய் வைத்துக் குடிக்கலாம் என்றால், அந்தப் பாத்திரத்தை வேறு யாரும் தொடப்போவதில்லை என்று அர்த்தம்.

அப்புறம் கைப்பிடி. அதன் உள்பக்கம் மேலே, விரல் நுழைகிற இடத்தில், கோடு போட்டதுபோல் ஒரு துருக்கறை. தேய்த்தேன், போகவில்லை. பீங்கானுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

அந்தக் கறை எதனால் வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு டீக்கடையில், சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சில பேருக்கு மட்டும் வெளியே ஆணியில் பிடி வைத்த கிளாஸ் தொங்கும். எடுத்து நீட்டினால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவர்களே கழுவி, அவர்களே மாட்ட வேண்டும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம்ம வேலை முடிஞ்சது, செட்தான்னு சொல்லிட்டு வா, மத்தது அவுக வீட்டு விவகாரம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த வீட்டை வைத்துத்தான் அதற்குப் பக்கத்து நாலு வீட்டில் எங்களுக்கு வியாபாரம். ஒரு வீட்டில் மூக்கை நுழைத்தால் மற்ற வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை நான் மீறியதில்லை. அன்றைக்குக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தேன்.

பின்வாசலுக்கு வெளியே, மாட்டுக்கொட்டகைப் பக்கச் சுவரில் தேடினேன். எத்தனையோ முறை வெள்ளையடித்த சுவர். தோள் உயரத்தில், சுண்ணாம்புக்குள் பாதி மூழ்கிப்போய் ஒரு ஆணி இருந்தது. அடித்த ஒவ்வொரு வெள்ளையும் அதன்மேல் ஏறியிருந்தது. பிடுங்கவும் யாருக்கும் தோன்றவில்லை, அதில் எதையும் மாட்டவும் தோன்றவில்லை. நகத்தால் சுரண்டினேன். துரு வந்தது.

உள்ளே போய் ஆச்சியிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன்.

"ஆச்சி, செத்த அங்குட்டுப் பின்வாசல் வரைக்கும் வாரீகளா?"

எதற்கு என்று ஆச்சி கேட்கவில்லை. கேட்காததிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. அவர் எழுந்ததும் மகன் எழுந்தார், முதலாளியும் வந்தார். பஞ்சவர்ணம் மட்டும் வர மாட்டேன் என்பதுபோல் செல்வியின் கையைப் பிடித்து இழுத்தாள். செல்வி கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தாள்.

எல்லோரும் நிற்கும்போது நான் கோப்பையை அந்த ஆணியில் மாட்டினேன். கைப்பிடியில் இருந்த கறை ஆணிமேல் சரியாக உட்கார்ந்தது. ராஜாவும் ராணியும் மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டு தொங்கினார்கள். முத்துக்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. சின்ன வயதிலேயே சென்னைக்கு ஹாஸ்டலுக்குப் போனவர். இது என்ன என்று அம்மாவிடம் கேட்டார்.

ஆச்சி மகனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கருப்பனோட அலுமினியத் தம்ளரு வண்டிச் சக்கரத்துல நசுங்கிப்போச்சு. அன்னைக்கு எங்க மாமியா இதை எடுத்து இங்க மாட்டச் சொன்னாக. எலும்புத் தூள் போட்டுச் செஞ்சதுன்னு வீட்டுல யாரும் இதுல வாய் வைக்க மாட்டோம். அதான் அவனுக்கு. குடிப்பான், கழுவுவான், மாட்டிட்டுப் போவான். அவன் செத்ததுக்கப்புறம் இதை உள்ள எடுக்க முடியுமா. தூக்கி வெளிய போடச் சொன்னேன். இவதான் எடுத்துட்டுப் போனா. நான் குடுக்கலை. போட்டேன்."

ஆச்சி பொய் சொல்ல மாட்டார் என்று மகன் சொன்னாரே, அது சரிதான். பஞ்சவர்ணம் சொன்னதும் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. எடுத்துக்கொண்டு போனபோது அவளுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும். கொடுத்தார்கள் என்றுதான் அதன் பிறகு பிறந்த மகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறாள். வேறு எப்படிச் சொல்வாள்.

முத்துக்குமார் முகம் செத்துப்போயிற்று. ஸ்டேஷன் பேச்சு அத்தோடு நின்றது, செல்விக்கு நகைக்கடை வேலையும் தப்பியது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அவர் பஞ்சவர்ணத்திடம் திரும்பி, தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள், கோப்பையை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். மனசாரச் சொன்னார் என்றுதான் தோன்றியது. நான் பஞ்சவர்ணத்தைத் திருட்டுப் பட்டத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அவள் என் பக்கம் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. ஏன் இதைச் செய்தாய் என்றுதான் இருந்தது.

செல்வி ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுலயாம்மா வருசா வருசம் தாத்தாவுக்கு ஊத்தி வச்சோம்?"

"அவரு குடிச்சது அதுலதாண்டி" என்றாள் பஞ்சவர்ணம்.

செல்வி போய்க் கோப்பையை ஆணியிலிருந்து கழற்றினாள். அம்மாவிடம் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் நேரே ஆச்சியிடம் வந்து நீட்டினாள். கோபமாகக்கூட இல்லை, கடையில் நகையை எடுத்துக் காட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க ஆச்சி. எங்க வீட்டுக்கு இது வேணாம்."

முத்துக்குமார் ஏதோ சொல்ல வந்தார். ஆச்சி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு முந்தானையை இழுத்து இரண்டு உள்ளங்கையிலும் விரித்துக்கொண்டு, அந்தத் துணிமேல் கோப்பையை வாங்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மாவும் மகளும் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் வந்து முன்வாசல் வழியாகப் போகவில்லை.

அந்தச் செட்டை நாங்கள் வாங்கவில்லை. ஆறாவதைக் கொடுக்க மாட்டேன் என்று ஆச்சி சொல்லிவிட்டார். முதலாளி என்னைத் திட்டுவார் என்று காரில் காத்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி ஆச்சி முந்தானையை ஏந்தி வாங்கினார்கள் பார்த்தாயா, அந்த வயதில் அவர்கள் வேறு எப்படி மன்னிப்புக் கேட்பார்கள், எல்லாவற்றையும் சந்தேகப்படாதே, இதை ஒன்றையாவது நல்லவிதமாக நினைத்துக்கொள் என்றார்.

நினைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். ஆனால் அன்று காலையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மற்ற ஐந்து கோப்பைகளையும் ஆச்சிதான் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் கொடுத்தார். வெறும் கையால்தான் கொடுத்தார்.